திரும்பி வராவிட்டால் அறிவிக்க வேண்டியவர்

நெடுந்தூரம் நடக்கப் போகிறவர்கள் சப்பாத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். காலுறையைப் பற்றி யோசிப்பதில்லை. நான் கிறிஸ்துராஜாவை முதலில் வாங்கச் சொன்னது மூன்று சோடி கம்பளிக் காலுறை. நடக்க ஒன்று, படுக்க ஒன்று, நனைந்தால் மாற்ற ஒன்று. "பாலைவனத்துக்கு என்னத்துக்கு அண்ணை கம்பளி?" என்று சிரித்தார். பகலில் வியர்வைக்கும் இரவில் குளிருக்கும் அதுதான் நல்லது என்று விளக்கினேன். அவருடைய காலில் ஒரு கொப்புளம்கூட இருக்கவில்லை என்று வைத்திய அறிக்கை சொல்கிறதாம். நான் திட்டம் போட்டால் அப்படித்தான் இருக்கும்.

இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுத விட்டதற்கு நன்றி, ஐயா. முப்பத்து மூன்று வருடமாக லண்டனில் இருக்கிறேன். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும், ஆனால் அதில் எழுதினால் இருப்பதைவிட நல்லவனாகவோ கெட்டவனாகவோ தெரிந்துவிடுவேன். இதை மொழிபெயர்க்கப் போகிற கிரிஜா யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று சொன்னார்கள். சில விஷயங்கள் அவருக்கு விளக்காமலே விளங்கும். உங்களுக்கு அவர் விளக்கட்டும்.

என் பெயர் கொட்வின். வயது ஐம்பத்தெட்டு. மன்னாரில் பிறந்தவன். டூட்டிங்கில் தனியாக இருக்கிறேன். பஸ் கராஜ் ஒன்றில் சாரதிகளுக்கு ஷிப்ட் அட்டவணை போடுகிறேன். யார் எத்தனை மணிக்கு வண்டி எடுப்பது, யாரிடம் கைமாற்றுவது, ஒருவர் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது, இதுதான் நாள் முழுக்க என் சீவியம். அதனால் எங்கள் தேவாலயப் பங்கிலும் பயண ஏற்பாடுகள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. லூர்து யாத்திரை, வோல்சிங்கம் யாத்திரை, பிள்ளைகளின் சுற்றுலா எல்லாம் நான்தான். பதினாறு வருடத்தில் ஒருவரையும் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.

கிறிஸ்துராஜா பாரிசில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். ஓடு பதிக்கும் தொழில். மனைவி டொலறஸ், ஒரே மகள் ஷெறோன். பூசையில் முன் வரிசை வாங்கில் இருப்பார். பங்கு மண்டபத்துக் குசினிச் சுவருக்கு ஒரு சதமும் வாங்காமல் ஓடு பதித்துக் கொடுத்தார். என் குளியலறைத் தரையும் அவர் கைவேலைதான், இன்றுவரை ஒரு ஓடு அசையவில்லை. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

போன வருடம் தவக்காலத்தில் எங்கள் செபக்கூட்டத்தில் அவர் எழும்பிச் சாட்சியம் சொன்னார். ஆண்டவர் தங்கள் வாழ்வில் செய்ததை ஒவ்வொருவராகச் சொல்வது எங்கள் வழக்கம். சிலருக்கு விசா கிடைத்திருக்கும், சிலருக்கு வியாதி மாறியிருக்கும். அவர், தான் இங்கிலாந்துக்குள் வந்த கதையைச் சொன்னார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு நவம்பர். முட்டைக்கோவா ஏற்றிய குளிரூட்டிய லொறி. உள்ளே அவரும் இன்னொரு பெடியனும். பெடியனுக்கு ஏறும்போதே கணுக்கால் முறிந்துவிட்டது. கெண்ட் பக்கத்தில் ஒரு லொறித் தரிப்பிடத்தில் சாரதி பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அதைத் திறந்தபடியே விட்டுத் தேநீர் வாங்கப் போனான். இவர் இறங்கிவிட்டார். பெடியனால் இறங்க முடியவில்லை.

"அவன் என்ரை கையிலை ஒரு கடதாசித் துண்டு தந்தவன்," என்றார் கிறிஸ்துராஜா. "'அண்ணை, இந்த நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்கோ, என்ரை அண்ணா கார் கொண்டு வருவார், அதுமட்டும் நான் சத்தம் போடாமல் இருக்கிறன்' எண்டவன். நான் பயந்துபோனன். பொலிஸ் பிடிச்சால் துண்டாலை மாட்டுப்படுவன் எண்டு கிழிச்சு எறிஞ்சிட்டன். எங்கையும் அடிக்கேல்லை. ஆனால் ஆண்டவர் என்னைக் கைவிடேல்லை. என்னை வெளியாலை எடுத்தவர். அந்தப் பெடியனை அவர் தானே பொறுப்பெடுத்திருப்பார்."

எல்லாரும் இயேசுவுக்கே புகழ் என்றார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு தேநீரும் மீன் ரோல்ஸும் இருந்தன. அவரே எனக்கு ஒரு தட்டில் எடுத்துத் தந்தார்.

அந்தப் பெடியன் என் தம்பி லெஸ்லி. இருபத்திரண்டு வயது. சாரதி திரும்பி வந்து, கோவாப் பெட்டிகளுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் கதவைப் பூட்டி, குளிரூட்டியை ஓடவிட்டு, வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விட்டான். சனியிலிருந்து திங்கள் வரை லொறி அங்கேயே நின்றது. தம்பி ஞாயிறு மத்தியானம் வரையாவது உயிரோடு இருந்திருப்பான் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். முதல் நாள் முழுக்க ஏன் அவன் கதவைத் தட்டவில்லை என்று அன்றைக்கு ஒருவருக்கும் விளங்கவில்லை. கதவின் உட்பக்கத்தில் இருந்த கீறல்கள் எல்லாம் கடைசி நேரத்தவை. எனக்கும் இருபத்து நாலு வருடமாக விளங்கவில்லை. அண்ணா வருவான் என்று சத்தம் போடாமல் இருந்திருக்கிறான்.

துண்டில் இருந்த நம்பர் என்னுடையது. அப்போது வால்தம்ஸ்டோவில் ஒரு அறையில் இருந்தேன். தொலைபேசி அறைக்கு வெளியே பொது நடையில் இருந்தது. லெஸ்லி எந்த நேரமும் வரலாம் என்று, காசு வாங்கி அவனைக் களவாக அனுப்பிய ஏஜென்சி சொன்னதால் அந்த இரண்டு நாளும் நடையிலே கதிரை போட்டு இருந்தேன். குளிக்கப் போகும்போது கதவைத் திறந்து வைத்துக் குளித்தேன்.

அன்றே அவரைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே என்றீர்கள். யோசித்தேன். கேட்டால் கிறிஸ்துராஜா அழுவார். உண்மையாகவே அழுவார், அப்படிப்பட்ட மனிதர்தான். என் காலில் விழுவார். சுவாமியார் வந்து இரண்டு பேர் தோளிலும் கை போடுவார். சபை முன்னால் நான் மன்னிக்க வேண்டி வரும், அதற்கும் கை தட்டுவார்கள். அடுத்த வருடம் அதுவும் ஒரு சாட்சியம் ஆகிவிடும். அவரை மன்னிக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை, ஐயா. அவரை வெறுத்தேன். என் வீட்டில் அவர் பதித்த ஓட்டில் செருப்பில்லாமல் கால் வைப்பதை விட்டேன். வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பயண யோசனை அவருடையது, என்னுடையது அல்ல. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் தப்பி வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது, அதற்கு நன்றியாக ஆண்டவரைப் போலப் பாலைவனத்தில் ஒரு இரவு செபத்தில் கழிக்க வேண்டும் என்று உயிர்ப்பு ஞாயிறு முடிந்து வந்து சொன்னார். அமெரிக்காவில், யூட்டாவில் ஒரு இடத்தைப் படத்தில் பார்த்திருந்தார். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை செங்குத்தாக நிற்கும், நடுவில் மணல், ஆள் நடமாட்டம் இல்லை.

"கொட்வின் அண்ணை, நீங்கள் பிளான் போட்டுத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு போவன்," என்றார்.

"போடுறன்," என்றேன்.

ஆறு மாதம் அதில் இருந்தேன். வரைபடம் வாங்கினேன். அங்கே போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். சனி காலை எட்டு மணிக்குக் காரை விட்டு இறங்குவது, ஆறு மைல் உள்ளே நடப்பது, பாறை வளைகிற இடத்தில் உயரமான மணல் திட்டில் கூடாரம் போடுவது, ஞாயிறு விடியக் கிளம்பிப் பத்து மணிக்குக் காருக்கு வருவது. ஆளுக்கு ஏழு லீற்றர் தண்ணீர். மழை எச்சரிக்கை இருந்தால் உள்ளே இறங்கவே கூடாது. உங்கள் நிபுணர் இந்தத் திட்டத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் பிழை இல்லை.

தாளின் கடைசியில் இரண்டு விஷயம் சிவப்பில் போட்டிருந்தேன். ஒன்று, ஏதும் நடந்தால் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, தேடி வருகிறவர்கள் தாளில் உள்ள பாதையில்தான் வருவார்கள். இரண்டு, பயணம் போகாத ஒருவரிடம் இந்தத் தாளின் பிரதி இருக்க வேண்டும். ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் அவருக்குத் தகவல் வராவிட்டால் அவர் அந்த ஊர் மீட்புப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். யூட்டாவில் பன்னிரண்டு என்றால் லண்டனில் மாலை ஏழு. அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கிறிஸ்துராஜா அதைப் பார்த்துவிட்டு, "வேறை ஆர், நீங்கள்தான்," என்றார்.

டொலறஸின் பெயர் ஏன் இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இங்கே கிரிஜா உங்களுக்கு நாவூறு என்றால் என்ன என்று விளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் நல்ல காரியம் எதையும் முடியுமுன்னம் வெளியே சொல்ல மாட்டார்கள். வீடு வாங்கினாலும் கதவுத் திறப்புக் கையில் வந்த பிறகுதான் சொல்வார்கள். பயணம் என்றால் போய் வந்து, படத்தைப் போட்டுத்தான் ஊருக்குத் தெரியும். முந்திச் சொன்னால் ஆராவது வாய் வைப்பார்கள், காரியம் பிழைத்துப்போகும். வேதக்காரரான எங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று சுவாமியார் பிரசங்கம் வைப்பார். எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்து பழையபடிதான் செய்வார்கள்.

கிறிஸ்துராஜா இந்த விஷயத்தில் படு கவனம். சபையில் கேட்டவர்களுக்குப் பாரிசில் ஒரு வேலை இருக்கிறது என்றார். டொலறஸ் பயந்தவர், அவர் வாயில் எதுவும் நிற்காது என்று அவருக்கும் முழுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஏதோ கோவிலும் மலையும் பார்க்கப் போகிறார்கள், ஹோட்டலில் நிற்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியும். அதையும் ஒருவருக்கும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார். ஆகவே அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் லண்டனில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படி ஆக்கியது நான் இல்லை. அவர்களே ஆக்கிக் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள்.

ஒரு மாற்றம் நான் செய்தேன். போன் சிக்னல் இல்லாத இடத்திலும், ஒரு பொத்தானை அமத்தினால் செய்மதி வழியாக உதவி கேட்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு. என் முதல் பட்டியலில் அது இருந்தது. ஓகஸ்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

முதலில் கூடப் போக இருந்தவர் அவரோடு வேலை செய்யும் றமணன். செப்டெம்பரில் றமணனுக்கு முழங்கால் வீங்கி, ஏலாது என்று விட்டார். அந்த இடத்துக்கு ஷெறோன் வந்தாள். இருபத்து நாலு வயது, பற்கள் பார்க்கும் கிளினிக் ஒன்றில் வேலை. வேல்ஸில் மலை ஏறிப் பழகியவள். கொரோனாக் காலத்தில் நான் காய்ச்சலாகக் கிடந்தபோது பத்து நாளும் என் வாசலில் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, தெருவில் நின்று கை காட்டிவிட்டுப் போன பிள்ளை. அந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். ஒரு பின்னேரம் அதைப் பற்றி யோசித்தேன். பிறகு ரிக்கெற்றில் பெயரை மாற்றினேன்.

அவள் பட்டியலை வாசித்துவிட்டு அந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாள். கெட்டிக்காரி.

"பாரம் பிள்ளை," என்றேன். "ஒரு இரவுதானே. நான் இஞ்சை இருக்கிறன்."

"ஓகே மாமா," என்றாள்.

விபத்து ஒன்று நடக்க வேண்டும் என்று நான் எதையும் செய்யவில்லை. நடக்காமலும் போயிருக்கலாம். ஞாயிறு மத்தியானம் "வந்திட்டம் அண்ணை" என்று அவர் அடித்திருந்தால், நல்லது என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கிறிஸ்துராஜாவை ஆண்டவரின் பொறுப்பில் விட்டேன். என் தம்பியை அவர் எப்படி விட்டாரோ அப்படி.

ஒக்ரோபர் பதின்மூன்று, ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தேன். ஆறரைக்குச் சோறு போட்டேன். தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்தில் இருந்தது. ஏழு மணி ஆனது. தொலைபேசி அடிக்கவில்லை. ஏழு பத்துக்குப் பருப்புக்குத் தாளித்தேன். ஏழரைக்குச் சாப்பிட்டேன். எட்டு மணிக்கு எனக்கு நிச்சயமாகிவிட்டது, அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று. சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. இருபத்தைந்து வருடத்தில் முதல் தரம், ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில் நிம்மதியாக இருந்தேன். அது அடிக்காததற்காக.

என்ன நடந்தது என்று எனக்கு முழுக்கத் தெரிந்தது பிறகு நீங்கள் சொல்லித்தான். ஞாயிறு காலை திரும்பும் வழியில் ஒரு பாறையில் இருந்து இறங்கும்போது அவர் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. ஷெறோன் தாளில் இருந்தபடியே செய்தாள். அவரை நிழலில் கிடத்தி, போர்வையைப் போர்த்தி, சிவப்புச் சட்டையை மேலே கட்டிவிட்டுக் காத்திருந்தாள். செவ்வாய் இரவுக்குள் அவர் இறந்திருக்கிறார். புதன் அவள் தனியே நடக்கத் தொடங்கினாள். கார் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் வந்து, அங்கே அவளும் இறந்து கிடந்திருக்கிறாள்.

திங்கள் பின்னேரம் டொலறஸ் எனக்கு போன் அடித்தார்.

"அண்ணை, ரெண்டு பேற்றை போனும் வேலை செய்யுதில்லை. உங்களோடை கதைச்சவையோ?"

"அந்தப் பக்கம் சிக்னல் இராது டொலறஸ். பயப்பிடாதையுங்கோ."

"எனக்கு மனம் ஒரு மாதிரிக் கிடக்கு அண்ணை."

"மாதாவிட்டை சொல்லிப்போட்டுப் படுங்கோ," என்றேன்.

புதன் காலை விமானத்தில் அவர்கள் வராதபோதும் அடித்தார். பிளைட் தவறியிருக்கும், அடுத்ததில் வருவார்கள் என்றேன். அவரால் வேறு ஒருவரிடமும் கேட்க முடியவில்லை. பாரிசுக்குப் போனவர்கள் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தவர், யாரிடம் போய் என்னவென்று கேட்பார். வியாழன் பொறுக்க முடியாமல் உங்களிடம் வந்தார். நீங்கள் என் கதவைத் தட்டியபோது நான் உடனே தாளை எடுத்துத் தந்தேன். ஒரு நிமிடமும் மறைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் நான் செய்தது ஒன்றுமில்லை என்று என் வழக்கறிஞர் சொல்வார். ஒரு அழைப்பு எடுக்கவில்லை, பயந்த பெண்ணுக்கு நாலு ஆறுதல் வார்த்தை சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களால் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாதாம்.

ஆனால் நீங்கள் ஒரு கேள்வியை நாலு தரம் கேட்டுவிட்டீர்கள். பிள்ளைக்குக் காலில் ஒரு காயமும் இல்லை, திங்களன்று கையில் தண்ணீரும் இருந்தது, மீட்பு வரவில்லை என்று கண்டதும் ஏன் அன்றே நடந்து வெளியே வரவில்லை என்று. என் தொலைபேசியில் திங்கள் மாலை நாலு மணி ஆறு நிமிடத்துக்கு வந்த நாற்பத்தொரு செக்கன் அழைப்பு என்ன என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

நான் கராஜில் இருந்தேன். பஸ் கழுவுகிற இடத்தில் சத்தம், அதனால் வெளி வாசலுக்கு வந்து எடுத்தேன். அங்கே அப்போது காலை ஒன்பது மணி. சிக்னல் தேடி ஷெறோன் பாறை மேலே ஒரு விளிம்புக்கு ஏறியிருந்தாள். அவசர உதவி எண்ணை ஏன் அழைக்கவில்லை என்று நினைப்பீர்கள். உதவி முதல் நாளே வெளிக்கிட்டுவிட்டது என்று அவள் நம்பியிருந்தாள். எப்போது வந்து சேரும் என்று கேட்கத்தான் என்னை அழைத்தாள்.

"மாமா, போன் பட்டறி முடியுது. நீங்கள் கோல் பண்ணினீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்பாக்கு ஹிப் முறிஞ்சிட்டுது. சரியா நோகுது அவருக்கு. என்னட்டை ரெண்டு போத்தல் தண்ணி இருக்கு. ஒண்டை அவரிட்டை வச்சிட்டு நான் நடந்து காருக்குப் போகட்டோ? மூண்டு மணித்தியாலத்திலை போயிடுவன்."

வாசலில் நின்று யோசித்தேன். அதிக நேரம் இல்லை, மூன்று நாலு செக்கன் இருக்கும்.

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "அவை கிட்ட வந்திட்டினம். அப்பாவோடையே இருங்கோ."

"ஓகே மாமா. தாங்க் யூ," என்றாள். பிறகு லைன் போய்விட்டது. நான் உள்ளே போய் செவ்வாய்க்கிழமை அட்டவணையை முடித்தேன்.

அந்தப் பிள்ளை உனக்கு என்ன செய்தது என்று உங்களோடு இருந்த அம்மணி கேட்டார். ஒன்றும் செய்யவில்லை. அவள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபம் முழுக்க அவளுடைய தகப்பன் மேல்தான், அதிலும் நான் ஒரு அளவை மீறவில்லை என்று நினைக்கிறேன். லெஸ்லி கண்ணை மூடும்போது பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கவில்லை. கிறிஸ்துராஜாவை நான் அப்படி விடவில்லை. மகளை அவர் பக்கத்தில் இருத்திவிட்டுத்தான் போனை வைத்தேன்.